பத்தாவது பெயர்

அத்தியாயம் 17

நவமணிக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுபோகும், வீடு சுத்தமாகிவிடும். அந்த வியாழக்கிழமை விடிவதற்குள் அடுப்பு மேடை பளபளத்தது, ஜன்னல் கம்பிகள் பளபளத்தன, ஐஸ்பெட்டியின் தலையில் ஒரு வருஷமாகக் குடியிருந்த தூசிக்கும் வெளியேறச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

ஸ்டானிஸ்லாஸ் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான். கல்யாணமாகி ஆறு வருஷம். அவனுக்கு இதெல்லாம் அத்துப்படி.

"எத்தன கையெழுத்து வந்திருக்கு?"

"ஒம்போது."

"வேண்டியது பத்து."

"தெரியும்ங்க."

"அப்ப அந்த ஐஸ்பெட்டிய விடு. அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது."

நவமணி துணியை வாளியில் போட்டாள். சிரிப்பு வந்தது, ஆனால் அவனுக்குக் காட்டவில்லை.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பட்டை கீறிப் பால் எடுத்தவர்களின் மகளான நவமணி, பல்கலைக்கழகத்தின் ஈப்போக் கிளையில் கணித விரிவுரையாளர். ஏழு மாதமாக ஒரே ஒரு திட்டத்துக்காக மேசை மேசையாக ஏறி இறங்குகிறாள். இரண்டாம் ஆண்டில் உள்ள கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு சின்ன அறையில், ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்து, பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்விகளைக் கொடுக்க வேண்டும். பட்டம் வாங்குமுன் ஆளுக்கொரு ஆராய்ச்சி செய்ய வேண்டும். சிறப்பு மாணவர் திட்டம் என்று பெயர்.

தலைமை வளாகம் கடைசியில் இறங்கி வந்தது, நிபந்தனையோடு. பெற்றோர் கையெழுத்துடன் பத்துப் பேர் வேண்டும். வியாழன் மூன்று மணிக் கூட்டத்தில் பத்துப் பேர் இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவார்கள்.

பதினேழு பிள்ளைகளின் வீட்டுக்கு நவமணி சம்மதப் பாரம், அதாவது படிவம், அனுப்பினாள். ஒன்பது வீடு சரி என்றது. எட்டு வீடு மறுத்துவிட்டது. அந்த எட்டில் ஒன்று அவளுடைய சொந்த அக்கா கத்தரின் வீடு. அந்தக் கடிதத்தைப் பிரித்த கையோடுதான் போன வாரம் அவளை விட்டு வந்தோம். 'ஜோனுக்கு இது வேண்டாம்' என்று மூன்றே சொல்.

கத்தரினின் ஒரே மகள் ஜோன். கணக்கில் அந்த வகுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை. போன மாதப் பரீட்சையில் மட்டும் நான்காம் இடத்துக்கு இறங்கியிருந்தாள். நவமணி விடைத்தாளை எடுத்துப் பார்த்தாள். கடைசிக் கேள்விக்கு முழு விடையும் எழுதியிருந்தாள் ஜோன், ஒரு பிசகு கிடையாது. எழுதி முடித்து, அதன் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டு அடித்திருந்தாள்.

சரியான விடையை எதற்கு ஒருத்தி அடிப்பாள்?

"கெளம்புங்க," என்றாள் நவமணி. "அக்காவப் போய்ப் பாத்துட்டு வந்துரலாம்."

"எனக்கு வேலை இருக்கு லா."

"லீவு போடுங்க."

வேலை பார்க்கும் டெலிகொம் ஆபீசுக்குப் போன் போட்டு, வயிற்றுப்போக்கு என்று கூசாமல் சொல்லிவிட்டு, ஸ்டானிஸ்லாஸ் டாட்சன் கார் சாவியை எடுத்தான்.

*

போத்தா பாலம் தாண்டும்வரை நவமணி வாய் திறக்கவில்லை. ஆயர் தாவார் கடைத்தெருவைக் கடந்த பிறகுதான் பேசினாள்.

"அக்காவுக்குப் பொறாமையா இருக்குமோ?"

"ஒனக்கு அறிவு இருக்கா? பொறாமைப்படுற ஆளா மதினி?"

"அப்ப ஏன்?"

"கேளு. அதுக்குத்தானே எண்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டுறேன்."

அக்கா வேலை செய்யும் ரப்பர் தோட்டத்தில் பாதி, எண்ணெய்க்கான செம்பனை ஆகிவிட்டது. மேட்டில் மட்டும் பால்மரங்கள் மிச்சம். ஆட்களிடம் வேலை வாங்கும் மண்டோர் மாயாண்டி சைக்கிளை நிறுத்தி, கார்க் கண்ணாடிக்குள் குனிந்தார்.

"கத்தரினா? மேட்டு மர நிரையில இருக்கும். வேற எங்க இருக்கும் அது?" என்று சொல்லிவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்தார்.

கூட்டத்துக்கென்று கட்டியிருந்த சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நவமணி ஏறினாள். ராத்திரி பெய்த மழையில் மண் வழுக்கியது. பாதி மேட்டில் ஒரு செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

கத்தரின் தலைத்துண்டும் பால் கறை படிந்த முழுக்கைச் சட்டையுமாக, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலிருந்து பாலை வாளிக்கு வழித்துக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா."

"உசுரே போயிருச்சு. சரி, நடந்துகிட்டே பேசு. பால் ஒறைஞ்சிரும்."

நவமணி இன்னொரு வாளியைத் தூக்கிக்கொண்டாள். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

"ஜோனுக்கு ஏங்கா வேணாம்னு எழுதுன?"

"வேணாம்னா வேணாம் லா."

"அது எவ்வளவு பெரிய பெருமை தெரியுமா? மொத்தமே பதினேழு பேருக்குத்தான் அனுப்புனோம்."

"சரி, பெருமை. அதுல சேர்ந்தா என்ன குடுப்பீங்க?"

"கூடுதலா ரெண்டு பாடம். சனிக்கிழமைல வகுப்பு. ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை."

"எதக் கொறைப்பீங்க?"

நவமணிக்குக் கேள்வி புரியவில்லை. "என்னக்கா?"

"ரெண்டு பாடத்தக் கூட்டுறீங்கள்ல. பழசுல எதக் கொறைப்பீங்க?"

"ஒண்ணும் கொறைக்கல. அதெல்லாம் அப்படியே இருக்கும்."

"கடைசியில பட்டம்?"

"எல்லாருக்கும் உள்ள பட்டம்தான். கூட ஒரு சான்றிதழ்."

கத்தரின் வாளியைக் கீழே வைத்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு தங்கையை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ பத்து வயசுலயே கான்வென்ட் விடுதிக்குப் போயிட்ட. அதான் ஒனக்குத் தெரியல. இந்த மேட்டு நிரைய எனக்கு ஏன் குடுத்தாங்கன்னு தெரியுமா?"

"ஏன்?"

"எனக்குப் பத்தொம்பது வயசு. எங்க வேலைய மேற்பார்க்குற கண்டக்டர் மரம் பாக்க வந்தாரு. என் மரத்துல ஒரு பட்டையிலகூட கத்தி ஆழமாப் பட்ட காயம் இல்ல. கோடு போட்டு வெட்டுன மாதிரி இருக்குன்னு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனாரு. எனக்குத் தலைகால் புரியல. மறுநாள் விடியக்காலம் பெரட்டுல ஆளுங்கள நிறுத்திப் பேரு வாசிக்கிறப்ப, 'கத்தரின், மேட்டு நிரை'ன்னாங்க. ஏன்யான்னு கேட்டேன். இது கெழட்டு மரம், நல்ல கைதான் இதுல பால் எடுக்கும்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கெழட்டு மரத்துல எவ்வளவு வரும்? பாலும் கொறைஞ்சுது, கூலியும் கொறைஞ்சுது. பால் ஏன் கொறையுதுன்னு ஏச்சு வேற. நல்லா வெட்டுனதுக்கு எனக்குக் கெடைச்சது இந்த மேடு. இருபத்து நாலு வருஷமா ஏறிக்கிட்டு இருக்கேன்."

நவமணிக்கு மாயாண்டியின் சிரிப்புக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

"வெவரமான பொம்பளைங்க என்ன செய்வாங்க தெரியுமா? நாளைக்குக் கண்டக்டர் வாரார்னா, இன்னைக்கே ரெண்டு மூணு மரத்துல வேணும்னே ஒரு காயம் வச்சிருவாங்க. ஏச்சு விழும், விழட்டும். மேட்டு நிரை வராது. நான்தான் மடச்சி, பெருமைக்கு ஆசைப்பட்டுட்டேன்." கத்தரின் நெற்றி வியர்வையைச் சட்டைக் கையில் துடைத்தாள். "ஒங்க பாரம் வந்தவுடனே ஜோன்கிட்ட சொல்லிட்டேன். பரீட்சையில ஒரு காயம் வச்சிரு, அம்மாடி. ஒன்னால முடியும்னு காட்டாதேன்னு."

குறுக்கே அடித்த அந்த இரண்டு கோடும் நவமணியின் கண்முன் வந்தன. முதலில் அவளுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. படிக்கிற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற புத்தியா இது என்று கேட்க வாயெடுத்தாள். ஆனால் என்னவென்று கேட்பது? ஏழு மாதமாகக் கண்விழித்து அவள் கட்டியதும் கெட்டிக்காரப் பிள்ளையின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுகிற வேலைதானே? மற்ற ஏழு வீட்டு விலாசங்களும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தோட்டம், மலாய்க்காரர் கம்பம், சீனர் புதுக்கிராமம், எல்லாம் உழைத்துப் பிழைக்கிற வீடுகள். சரி என்ற ஒன்பது பேரும் நகரத்துப் பிள்ளைகள். வெட்கத்தில் அவளுக்கு முகம் சுட்டது.

"அக்கா, நான் தப்பாக் கட்டிட்டேன்," என்றாள்.

கத்தரின் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக நின்றவள் சற்றுத் தடுமாறினாள்.

"பழசுல ரெண்டு பாடத்தக் கொறைக்கச் சொல்றேன். கட்டுரையோட மார்க்கப் பட்டத்துல சேக்கச் சொல்றேன். இன்னைக்கு மூணு மணிக்குக் கூட்டம்."

"கேப்பாங்களா?"

"தெரியலக்கா. இப்படியே குடுத்தா யாருக்கும் சூசா இல்ல, தொல்லை இல்ல, சுலபமா ஒத்துக்குவாங்க. மாத்துனா மொத்தத்தையும் மூடுனாலும் மூடிருவாங்க."

கத்தரின் கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"அந்தப் பாரத்தக் குடு."

நவமணி பையிலிருந்து எடுத்துக் கொடுத்த வெற்றுப் பாரத்தை மரத்தில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். ஓரத்தில் விரலிலிருந்த பால் ஒட்டிக்கொண்டது.

"மாத்துனாங்கன்னா இதக் குடு. மாத்தலன்னா கிழிச்சிப் போடு. கிழிச்சியா இல்லையான்னு நான் வந்து பாக்க மாட்டேன்."

*

கார் ஈப்போவுக்குத் திரும்பியது. நவமணி மடியில் தாளை வைத்துப் புதிய பக்கத்தை எழுதினாள். சாலைப் பள்ளம் ஒவ்வொன்றும் எழுத்தில் தெரிந்தது. வழியில் ஒரு கடையில் நிறுத்தி ஸ்டானிஸ்லாஸ் ஒரு ஜோடி ரப்பர் ஜப்பான் சிலிப்பர் வாங்கிக் கொடுத்தான். நீல நிறம். அந்தப் பட்டுச் சேலைக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம்.

"பேராசிரியரு ஒன் காலப் பாக்கவா வாராரு? பேசுறதப் பேசிட்டு வா," என்றான்.

மூன்று மணிக்கு ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை வளாகத்திலிருந்து வந்த பேராசிரியர் ஹாஷிம் நடுவில். அவருக்குப் பக்கத்தில் கணிதத் துறைத் தலைவர் டாக்டர் ஓங். எதையும் இலேசில் ஒத்துக்கொள்ளாதவர் என்று பெயரெடுத்தவர். பேச்சு மலாயில் நடந்தது.

நவமணி புதிய பக்கத்தை வைத்தாள். ஓங் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பழைய பாடத்தில் இரண்டைக் குறைப்பதா? இது சலுகை. கெட்டிக்காரர்களுக்கு எதற்குச் சலுகை?"

"இல்லை, டாக்டர். கெட்டிக்காரர்களுக்கு நாம் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தோம்."

ஹாஷிம் குறுக்கே கையைக் காட்டினார். சமாதானமாகப் பேசுகிற மனிதர் அவர். "மாற்றத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், நவமணி. பழைய வடிவத்துக்கு இன்றே அனுமதி தருகிறேன். பத்துக் கையெழுத்தும் இருக்கிறது அல்லவா?"

பை மடியில் இருந்தது. பாரம் பைக்குள் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏழு மாத உழைப்பு இந்த நிமிஷமே பலித்துவிடும். அடுத்த வருஷம் மாற்றிக்கொண்டால் என்ன? அக்கா வந்து பார்க்கவா போகிறாள்? நவமணிக்கு உண்மையிலேயே ஆசையாக இருந்தது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

"மாற்றினால் பத்து," என்றாள். "மாற்றாவிட்டால் ஒன்பதுதான்."

"இது என்ன கணக்கு?" என்றார் ஓங்.

நவமணி மறுத்து வந்த எட்டுப் பாரங்களையும் மேசையில் பரப்பினாள். விலாசங்களைப் படிக்கச் சொன்னாள். பிறகு அக்காவின் மரங்களைப் பற்றிச் சொன்னாள். யாருடைய அக்கா என்று மட்டும் சொல்லவில்லை. நல்ல கைக்குக் கிழட்டு மரம் கிடைத்ததையும், அதற்குப் பயந்து பெண்கள் பட்டையில் வைத்த காயத்தையும், பரீட்சைத் தாளில் ஒரு பெண் அடித்துவிட்ட சரியான விடையையும் சொல்லும்போது அவள் குரல் ஒருமுறை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஹாஷிம் எட்டு விலாசங்களையும் ஒவ்வொன்றாக, வாய்விட்டே படித்தார்.

ஓங் நாற்காலியில் அசைந்தார். "ஒரு பாடத்தை எடுத்துவிடுகிறேன். இன்னொன்றுக்கு வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சை மட்டும் எழுதட்டும்."

"பரீட்சையும் வேண்டாமே, டாக்டர்."

"அது முடியாது."

"கட்டுரை மதிப்பெண் பட்டத்தில் சேர வேண்டும்."

"சேரட்டும். அது நியாயம்தான்."

சந்தையில் மீன் வாங்குகிற மாதிரிதான் இருந்தது. ஆனாலும் முடிந்தது. இரண்டு வருஷச் சோதனை என்று ஹாஷிம் எழுதிக்கொண்டார். அப்போதுதான் நவமணி பையைத் திறந்து பத்தாவது பாரத்தை எடுத்து வைத்தாள். ஒட்டிக் காய்ந்திருந்த பாலை ஹாஷிம் விரலால் தடவிப் பார்த்தார்.

"ஜோன். நல்ல மாணவியா?"

"வகுப்பில் முதல்." நவமணி மூச்சை இழுத்துவிட்டாள். "இதையும் சொல்லிவிடுகிறேன். அவள் என் அக்கா மகள்."

ஹாஷிம் பேனாவை மூடினார். அவர் கோபப்படவில்லை, வருத்தம்தான் பட்டார்.

"விதி உங்களுக்குத் தெரியும். உறவினர் படிக்கிற திட்டத்துக்கு நீங்கள் தலைமை தாங்க முடியாது. ஒன்று நீங்கள், இல்லையென்றால் அவள். அவளை எடுத்துவிட்டால் எண்ணிக்கை ஒன்பது. பட்டியல் நாளைக் காலை பத்து மணிக்குத் தலைமை வளாகத்துக்குப் போக வேண்டும்."

அந்தச் சின்ன அறை, அந்த மேசை, சுற்றிப் பதினோரு நாற்காலி. அதில் எந்த நாற்காலியில் தான் உட்காருவது என்பதுவரை நவமணி மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் உள்ளது.

"அவள் இருக்கட்டும். நான் விலகிக்கொள்கிறேன். டாக்டர் ஓங் நடத்தட்டும்."

ஓங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நானா? நான்தானே இதை எதிர்த்தவன்?"

"அதனால்தான், டாக்டர். நீங்கள் கேட்ட கேள்விகளை வேறு யாரும் கேட்கவில்லை."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எழுந்து போகும்போது புதிய பக்கத்தின் பிரதி ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டார்.

*

கண்டீனில் ஸ்டானிஸ்லாஸ் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். எதிரில் ஜோன். ஒல்லியாக, அம்மாவின் அதே நெற்றியோடு. நாலு கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்கிற பெண்.

நவமணி உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மேட்டில் அம்மா சொன்னது, கூட்டத்தில் நடந்தது, தான் விலகியது. ஸ்டானிஸ்லாஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிறவனுக்கு அன்று ஒன்றும் வரவில்லை.

"கெடைச்சிருச்சு, ஜோன்," என்றாள் நவமணி.

ஜோன் சிரிக்கவில்லை. மேசையில் மிச்சமிருந்த வெற்றுப் பாரம் ஒன்றை இழுத்து, மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"சின்னம்மா, இந்தப் பாரத்த எழுதுனது யாரு?"

"நான்தான். ஏன்?"

"என் பேரு எழுத எடம் இருக்கு. அம்மா கையெழுத்துப் போட எடம் இருக்கு. துறைத் தலைவருக்கு எடம் இருக்கு. நான் போட எங்க எடம்?"

நவமணி பாரத்தை வாங்கிப் பார்த்தாள். இல்லை. பதினேழு வீட்டுக்கு அனுப்பிய எதிலும் இல்லை.

"அடிச்சிருன்னு அம்மா சொன்னாங்க, அடிச்சேன். வேணாம்னும் அவங்கதான் எழுதுனாங்க. இப்ப நீங்க போய்க் கையெழுத்து வாங்கிட்டு வந்துட்டீங்க. எனக்காக உங்க பதவியையும் விட்டுட்டீங்க." ஜோனின் குரல் உயரவில்லை. "இதுல சேர்றியான்னு என்கிட்ட ஒருத்தரும் கேக்கலையே, சின்னம்மா."

காலையிலிருந்து தன் நெஞ்சில் இருந்த பெருமை அத்தனையும் இறங்கிப் போவதை நவமணி உணர்ந்தாள். இந்தப் பெண்ணுக்காகத்தான் மேடேறினேன், கூட்டத்தில் போராடினேன் என்று இருந்தவள், இந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"தப்புதான்," என்றாள். "இப்ப கேக்குறேன். நீ சேர்றியா, ஜோன்?"

"அந்தப் புதுப் பக்கத்தக் குடுங்க. படிச்சிட்டு நாளைக்கு எட்டு மணிக்குச் சொல்றேன்."

"பத்து மணிக்குப் பட்டியல் போகணும்..."

"நான் வேணாம்னு சொன்னா, நீங்க மத்த ஏழு பேருகிட்ட போய்க் கேக்க ரெண்டு மணி நேரம் வேணும்ல? அதான் எட்டு."

இருபது வயசுப் பெண்ணுக்கு இவ்வளவு கணக்கா என்று ஸ்டானிஸ்லாஸ் வாயைப் பிளந்தான். ஜோன் தாளை எடுத்துக்கொண்டு விடுதிப் பக்கம் நடந்தாள். நடந்தபடியே படித்தாள். சைக்கிள்கள் நிறுத்துகிற இடம்வரை போனவள் நின்று, திரும்பி வந்தாள்.

"சின்னம்மா, ஆராய்ச்சிக் கட்டுரைன்னு போட்டிருக்கீங்க. தலைப்ப நீங்க குடுப்பீங்களா, நாங்களே எடுத்துக்கலாமா?"

"நீங்களேதான் எடுக்கணும்."

"எதப் பத்தி வேணும்னாலுமா?"

"எதப் பத்தி வேணும்னாலும்."

ஜோன் தலையாட்டிவிட்டுப் போனாள். அது ஆமா என்பதற்கா, இல்லை சும்மா கேட்டு வைத்ததா, நவமணிக்குத் தெரியவில்லை. நாளைக்கு எட்டு மணிக்கு அவள் வேண்டாம் என்று சொல்லலாம். ஓங் முடியாது என்று சொல்லலாம். தன் பதவி போனதுதான் மிச்சம் என்றும் ஆகலாம். ஆனாலும் நவமணிக்கு மனசு நிறைந்திருந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக, அந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு மாணவி அவளிடம் கேள்வி கேட்டிருந்தாள்.